பரிசத் தட்டில் ஒரு குறைக்காசு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. நாணயச்சாலையே பிழையாக அச்சடித்த காசு ஒன்றாவது சில்லறையில் சிக்காதா என்று வருஷக்கணக்கில் தேடினேன். சிக்கியதெல்லாம் ரயிலில் நசுங்கியது, சுத்தியலால் அடிவாங்கியது, எவனோ பொழுதுபோகாமல் அரம் போட்டு ராவியது. சரி, நமக்குத்தான் கொடுப்பினை இல்லை, கதையிலாவது ஒருத்திக்குக் கிடைக்கட்டும் என்று மங்கம்மாளை உண்டாக்கினேன்.

2

ஜவ்வாது மலையில், புதூர்நாட்டில், 1979 மாசி மாதத்தின் இளங்காலையில்... (வேண்டாம். காலையில் தொடங்கும் கதை என்றாலே எனக்குக் கொட்டாவி வருகிறது.)

மங்கம்மாளுக்குப் பரிசம். மாப்பிள்ளை சின்னராசு, அவளே மனசுக்குப் பிடித்துச் சொன்ன ஆள். அவன் வீட்டார் கொண்டுவந்த தட்டில், வெற்றிலைமேல் இருந்த ரூபாய்க் காசுகளில் ஒன்றுக்கு ஓரத்தில் பிறை அளவு காணோம். அவளுடைய தாய்மாமன் குப்பன் அதைத் தூக்கிப் பிடித்தார்.

"இன்னாடா இது, வெட்டின காசு? உறவ வெட்டிக்கினு போன்னு சொல்றியா?"

"ஐயோ மாமா, செங்கம் சந்தையில புளி வித்த காசுங்க. நான் எதையும் வெட்டலீங்க. வேற மாத்தி வெக்கிறேன்," என்றான் சின்னராசு.

"காச மாத்துவ. மனச மாத்துவியா? எடுங்க தட்ட!"

கதவோரம் நின்ற மங்கம்மாள் ஓரடி முன்னால் வந்தாள். மாமன் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. தட்டு திரும்பிப் போனால் கல்யாணமும் போச்சு.

3

இங்கே எனக்குத் திண்டாட்டம். அது பிழைக்காசு என்று எனக்குத் தெரியும். அங்கே யாருக்குத் தெரியும்? நாணயச்சாலையில் ஓய்வுபெற்ற ஒருவரை ஜீப்பில் ஏற்றி அனுப்பினேன். இறங்கியதும் பேச ஆரம்பித்தவர் இரண்டு பக்கத்துக்கு நிறுத்தவில்லை. ஆளையே நீக்கிவிட்டேன்.

(அவர் சொன்னதில் உருப்படியானது இது: அச்சடிக்கும் முன் வெறும் தகட்டை உருட்டி நெருக்கி விளிம்பு எழுப்புவார்கள். தகடு ஒரு பக்கம் முன்பே குறைந்திருந்தால் நேர் எதிரிலும் நெருக்கம் விழாது. அங்கே விளிம்பு பெரும்பாலும் மழுங்கியிருக்கும். பிறகு யாரோ வெட்டிய காசில் அப்படி இருக்காது.)

4

வேறு வழியில்லாமல் மங்கம்மாளையே பார்க்கச் சொன்னேன். அவள் எனக்காக ஒன்றும் பார்க்கவில்லை, ஆத்திரத்தில் பார்த்தாள். மாமன் கையிலிருந்து காசை வெடுக்கென்று வாங்கினாள். தட்டிலிருந்து நல்ல ரூபாய் ஒன்றையும் எடுத்து, இரண்டின் விளிம்பையும் கட்டைவிரலால் சுற்றிச் சுற்றித் தடவினாள்.

"மாமா, அரம் போட்ட கீறலே இதுல இல்ல. அது போவட்டும். நேர் எதிர்ல தடவிப் பாருங்க, இங்கயும் மொழுக்குன்னு கீது. வெட்டுறவன் ஒரு பக்கம் வெட்டுவான், இன்னொரு பக்கத்த எதுக்கு மழுக்கப் போறான்? பொறக்கும்போதே இப்படித்தான் பொறந்து கீது."

குப்பன் தடவவில்லை. "பொண்ணு பேசுற பேச்சா இது?" என்றார். ஆனால் தட்டை எடுக்கச் சொல்லி மறுபடி வாய் திறக்கவில்லை. அதை நான் எழுதவில்லை, அவராகத்தான் நிறுத்திக்கொண்டார்.

5

மாமன் தடவிப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஒரு முடிவு எழுதினேன். இனிப்பு ஜாஸ்தி. இன்னொன்றில் சின்னராசு தட்டைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கி... (சீ, மனசு வரவில்லை.) அடுத்ததற்கு நான் பேனாவை எடுப்பதற்குள் மங்கம்மாள் அந்தக் குறைக்காசை முந்தானையில் வைத்து இறுக்கி முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பரிசத்த நான் வாங்கிக்கினேன் மாமா. இனிமே நீங்க சொல்லுங்க."

அவர் என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எதுவானாலும் எனக்குச் சம்மதம். ஆனால் தட்டைத் திருப்பி அனுப்ப நினைக்கிறவர் முதலில் அவள் முந்தானையை அவிழ்த்துக் காசை வாங்கியாக வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.