இருபது முதல் ஐம்பது வரை

டிராக்டர் பம்பைக் குட்டைக்குள் இறக்கி, தண்ணீரை வாரி வாரி மேலே அடித்துக்கொண்டிருந்தான் என் தம்பி டெரில். தண்ணீரில் காற்று கலந்தால் மீன் மூச்சுவிடும் என்று நான்தான் சொன்னேன். மீன் படித்தவள் ஆயிற்றே! அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்லும் ஆறு பேர் குழுவில் நாற்காலி வேறு. எங்கள் பக்கம் ஜனவரிதான் நடுக்கோடை; வெயில் நாற்பத்து நான்கு டிகிரி. ஆறு ஓட்டம் குறைந்து, எங்கள் நிலத்துக்குக் கீழே பச்சைக் குட்டையாகத் தேங்கி நாறியது.

செப்டம்பரில் குழு கூடியபோது அமைச்சர் அலுவலகம் கேட்டது ஒன்றுதான். அணையிலிருந்து குறைந்தது எவ்வளவு திறந்தால் கோடையில் மீன் பிழைக்கும்? ஒரு நாளைக்கு ஐம்பது கோடி லிட்டர் என்று என் மனதுக்குத் தெரியும். ஆனால் கணக்கில் சந்தேகம் இருந்தால் சந்தேகத்தையும் எழுத வேண்டும், அப்படித்தான் எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். எழுதித் தொலைத்தேன், பாவி: இருபதிலிருந்து ஐம்பது வரை. ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம். அமைச்சர் இருபது திறந்தார். மிச்சம் பருத்திக் காடுகளுக்குப் போனது. நிபுணர்கள் சொன்னபடியே செய்தோம் என்று டி.வி.யில் சொன்னார். பொய் என்று நான் எந்த வாயால் சொல்வது?

"அக்கா, பெரியவ மேல வந்துட்டா!"

பெரியவள் எங்கள் மடுவில் வாழும் காட் என்கிற பெரிய ஆற்று மீன். டெரில் பள்ளிக்கூடம் போகிற வயதில் தூண்டிலில் பிடித்து, மனசு வராமல் திரும்ப விட்டவள். நான் முழங்கால் சேற்றில் இறங்கி அவளை இரண்டு கையாலும் ஏந்தினேன். அப்படி ஒரு கனம். சுற்றிலும் குட்டி மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

"அத்தனை பேரு படிச்சவங்க. ஐம்பதுன்னு சொல்ல ஒருத்தருக்குக்கூட வாய் வரலியா?"

"உறுதியாத் தெரியலடா."

"இப்பத் தெரியுதா?"

அப்போது கரையில் கிடந்த என் போன் அடித்தது. டெரில் எடுத்துவந்து என் காதில் வைத்தான். சிட்னியிலிருந்து, குழுவின் செயலாளர் ஃபெனெல்லா.

"கேக்கவே சங்கடமா இருக்குங்க. அமைச்சர் நாலு மணிக்குப் பத்திரிகைக்காரங்களப் பாக்குறார். மொத்தம் எத்தனை மீன் செத்திருக்கும்? துல்லியமா வேணாம். குறைஞ்சது எவ்வளவுன்னு சொன்னாப் போதும்."

டெரிலுக்கும் கேட்டிருக்க வேண்டும். என் முகத்தையே பார்த்தான். பெரியவளின் வாயைப் பம்புத் தண்ணீருக்கு நேராகத் திருப்பிப் பிடித்தேன். செவுள் ஒருமுறை திறந்து மூடியது. அடுத்த முறைக்காகக் காத்திருந்தேன்.

"லைன்ல இருக்கீங்களா?" என்றாள் ஃபெனெல்லா.