பெட்டிக்குள் இன்னொருவர்

ஷைஜாவுக்குக் கல்யாண ஆல்பம் வடிவமைப்பதுதான் தொழில். மயிலாடியில், பகலெல்லாம் கல்சிற்பிகளின் உளிச் சத்தம் ஓயாத தெருவில், வீட்டின் முன்னறையையே ஆபீஸாக்கி வைத்திருந்தாள். ஸ்டுடியோக்காரர்கள் அனுப்பும் படங்களுக்கு லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று, நாகர்கோவிலில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடையில் ஒரு ஸ்டோரேஜ் பெட்டி வாங்கினாள். வீட்டு இன்டர்நெட்டில் மாட்டிவிட்டால் எங்கிருந்தும் அதில் படம் போடலாம், எடுக்கலாம். டிஸ்க் நல்ல டிஸ்க். பாஸ்வேர்டுதான் கடைக்காரருக்கும் தெரியவில்லை.

அவள் அண்ணன் எபின் சிசிடிவி மாட்டும் வேலை பார்க்கிறவன். போனிலேயே வழி சொன்னான். பின்பக்கம் சின்ன ஓட்டை இருக்கும், குண்டூசியை விட்டு, பீப் என்று கேட்கும்வரை அழுத்திப் பிடித்தால் திறந்துவிடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நான் வந்து டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்துத் தரும்வரை ஒன்றும் போட்டுவிடாதே என்றான்.

ஷைஜாவுக்குப் பொறுமை இல்லை. மறுநாள் மகள் ஜிஷாவைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு வந்ததும் குண்டூசியோடு உட்கார்ந்தாள். பீப் கேட்டது. பெட்டி திறந்துகொண்டது. உள்ளே யாருடையதோ பழைய ஃபோல்டர்கள் கிடந்தன. அவற்றை அவள் திறந்து பார்க்கவில்லை. லேப்டாப்பைக் காலிசெய்யும் அவசரத்தில் முதலில் ஜிஷாவின் படங்களை எல்லாம் அதில் போட்டாள். பிறந்தது முதல் நேற்று வரைக்கும் உள்ள படங்கள். பிறகு பழைய ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தாள்.

இரண்டு போயிற்று. மூன்றாவதன்மேல் கையை வைத்தபோது, திரையில் புதிதாக ஒரு ஃபோல்டர் முளைத்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர்.

‘யாரு நீங்க’

ஷைஜா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். வைரஸ் ஏதாவது இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அதற்குள் இன்னொன்று வந்தது.

‘கொச்சுப்பிள்ளைக்க படம் உங்களுக்கதா’

ஜிஷாவின் படங்களை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எழுந்துபோய் வாசல் கதவைத் தாழிட்டாள். திரும்பி வந்து, பெட்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியலைத் தட்டுத்தடுமாறித் திறந்தாள். இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று அவள். மற்றது சூசை என்ற பெயர். அந்தப் பெயருக்கு எதிரே படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே போய்க்கொண்டிருந்தன. எந்தப் படங்கள் என்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள்.

முதல் வேலையாகப் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து ஜிஷா வகுப்பில் இருக்கிறாளா என்று கேட்டாள். இருக்கிறாள் என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். ஜிஷாவின் படங்களில் வீட்டு வாசல் இருக்கிறது, தெரு இருக்கிறது, சட்டையில் பள்ளிக்கூடத்தின் பெயரும் இருக்கிறது. கணவன் டிஜோ கப்பலில் இருந்தான்; கூப்பிட்டால் கிடைக்க மாட்டான். எபினைக் கூப்பிட்டு அழுதாள். பூதப்பாண்டியில் பாதியில் நின்ற வேலையை அப்படியே போட்டுவிட்டு அவன் வந்து சேர்ந்தான்.

விஷயத்தைக் கேட்டதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. குண்டூசி மாற்றியது தலைமைப் பாஸ்வேர்டை மட்டும்தான். பழைய ஆட்களின் பெயரும் சாவியும் உள்ளே அப்படியே இருந்தன. வெளியூரிலிருந்து உள்ளே வருவதற்குப் போட்டிருந்த வழியும் இன்டர்நெட் கிடைத்ததும் திறந்துகொண்டது.

“அப்ப இவ்வளவு நேரமும் அவன் நம்ம வீட்டுக்குள்ள இருந்தானா அண்ணா?”

“வீட்டுக்குள்ள இல்லட்டி, பெட்டிக்குள்ள. பேடிக்காத.”

இன்டர்நெட்டில் சேர்க்காமல், ஒற்றை வயரில் லேப்டாப்போடு மட்டும் மாட்டிப் பெட்டியைத் திறந்தான். பிளக்கைப் பிடுங்குவதற்குச் சற்று முன்னால் வந்திருக்க வேண்டும், மூன்றாவதாக ஒரு ஃபோல்டர் இருந்தது. ‘லீமா படம் அழிக்கண்டாம்’. பக்கத்தில் பஹ்ரைன் எண் ஒன்று.

கூப்பிட வேண்டாம் என்றாள் ஷைஜா. எபின் தன் போனிலிருந்து கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான். நடுவயதுக் குரல், பின்னால் படகு என்ஜின் இரைந்தது. பேசியது சூசைதான். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர், பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை. மனைவி லீமா இறந்த பிறகும் ஊரில் வீட்டிலிருந்த பெட்டியை அங்கிருந்தபடியே திறந்து அவள் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டைப் பூட்டும்போது மகன், இன்னதென்று தெரியாமல், அதையும் பழைய சாமான்களோடு விற்றுவிட்டான்.

“பெட்டி செத்துப்போச்சுன்னுதான் இருந்தேன் மக்கா. இன்னைக்குப் போன்ல பச்சை காட்டிச்சு. திறந்தா வேற பிள்ளைக்க படம் கிடக்கு, எனக்க ஃபோல்டர் ஒண்ணொண்ணாப் போவுது. கையில கிட்டினத எல்லாம் இங்க இறக்கிட்டிருந்தேன். ஆளு யாருன்னு கேக்க எனக்கு வேற வழி தெரியல்ல.”

ஷைஜா போனருகே வந்து கேட்டாள். “எனக்க மகளுக்க படம் எத்தனை பாத்தீங்க?”

“ஒண்ணுதான். யூனிபார்ம் போட்டு நிக்கியது. அடுத்தது திறக்கல்ல மக்கா.”

தான் அழித்த இரண்டின் பெயரையும் அவளே சொன்னாள். ஒன்று ‘ஆஸ்பத்திரி’, மற்றது ‘வீடு’. சூசை இரண்டையும் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

“ஆஸ்பத்திரி போனாப் போட்டு. ‘வீடு’ன்னு போட்டதிலதான் அவ பாடினது உண்டு.”

எபின் டிஸ்க்கைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், அழிந்தவற்றை மீட்கும் மென்பொருளைப் போட்டு நாள்கணக்கில் ஓடவிட்டான். பெரும்பாலும் கிடைத்தன. லீமா பாடிய வீடியோ பாதிவரை ஓடி நின்றுவிடுகிறது. அதற்குமேல் என்ன செய்தும் வரவில்லை. கிடைத்த எல்லாவற்றையும், அழியாமல் இருந்தவற்றோடு சேர்த்து, வேறு டிஸ்க்கில் ஏற்றி, சூசையின் தங்கை வீட்டில் கொண்டு கொடுத்தான். பிறகு ஜிஷாவின் படங்களை லேப்டாப்புக்கே மாற்றிவிட்டு, பெட்டியை முழுசாகத் துடைத்து, ஷைஜாவின் பெயரை மட்டும் போட்டுத் தந்தான். கல்யாணப் படங்களை அவள் அதில்தான் வைக்கிறாள். ஜிஷாவின் படங்களை வைப்பதில்லை.

சூசை, எபினிடம் அவள் எண்ணை வாங்கி, நன்றி சொல்லி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். பாதிப் பாட்டாவது கிடைத்ததே என்றார். குரலில் கள்ளம் எதுவும் இருப்பதாக ஷைஜாவுக்குத் தோன்றவில்லை. அழித்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று பதில் எழுதினாள். அவர் அதைப் பார்த்துவிட்டார் என்று தெரியும்வரை காத்திருந்து, அந்த எண்ணை பிளாக் செய்தாள். செய்தது சரியா என்று எபினிடம்கூட அவள் கேட்கவில்லை.