நீட்டிய கால்

சவப்பெட்டியில் கிடந்த அண்ணன் இயோசுவாவின் கால்களைச் சேர்த்துவைத்துப் பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள் தாலித்தா. அப்போதுதான் வெளியே கார் வந்து நின்றது.

"அத்த, ஆக்லாந்து டாக்டரு," என்றாள் அண்ணன் மகள் பேனினா. "அப்பாவுக்குச் செயற்கை இடுப்பு மூட்டு வச்சவரு."

"வரட்டும். சாவு வீட்டுல யாரையும் தடுக்க முடியாது."

டாக்டர் ஹார்ட்லி குனிந்து உள்ளே வந்தார். சவப்பெட்டியைச் சுற்றி ஊர்த் தலைவர்கள் சம்மணமிட்டு அமர்ந்திருந்தார்கள். அண்ணனும் அவர்களில் ஒருவராக இருந்தவர்தான். ஊர்ச் சபையில் ஊருக்காகப் பேசியவர். மூட்டு வைத்தபின் அவரால் சம்மணமிட முடியவில்லை. சபையில் பிறரைப் பார்த்துக் கால் நீட்டுவது இந்தத் தீவில் அவமதிப்பு. நீட்டியே ஆகவேண்டுமென்றால் பாயால் மூடிக்கொள்ள வேண்டும். ஒரு நாள் அப்படி மூடிக்கொண்டு உட்கார்ந்தார். புதிதாகத் தலைவர் பட்டம் ஏற்றிருந்த பெலேசா, "என்ன, கிழவிக்குக் குளிருதா?" என்றான். சபை சிரித்தது. அதற்குப் பிறகு அண்ணன் அங்கே போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டு, சபையிலிருந்து காற்றில் வரும் பேச்சைக் கேட்டே காலத்தைக் கழித்தார்.

ஹார்ட்லி தாலித்தாவின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "எங்க ஆராய்ச்சியிலயே இவருக்குத்தாம்மா ரொம்ப நல்லா வந்துச்சு. வலி இல்ல, நடந்தாரு, படி ஏறினாரு. ஆளு போனாலும் மூட்டு கடைசிவரைக்கும் பிழைச்சு நின்னுச்சு. டாக்டருங்க மாநாட்டுல இவரு படத்தத்தான் முதல்ல காட்டப்போறோம். நீங்க சரின்னு சொல்லணும்."

பிழைத்தது மூட்டு. தாலித்தா அவர் பக்கம் திரும்பினாள்.

"வருஷா வருஷம் போன்ல கேப்பீங்களே, நடக்க முடியுதா, செருப்பு மாட்ட முடியுதான்னு. தரையில உக்கார முடியுதான்னு ஒரு தடவயாவது கேட்டீங்களா?"

"அது எங்க கேள்வியில இல்லயேம்மா. உக்காந்தா மூட்டு நழுவிடும், உக்காரக் கூடாதுன்னுதான் சொல்லியிருந்தோம்."

"அவரு உக்காரல. உங்க மூட்டு நழுவல. சபையில எங்க குடும்பத்து எடம்தான் நழுவிப்போச்சு. படம் கிடையாது, டாக்டரு."

அவருக்குப் புரியவில்லை. வருத்தத்தில் பேசுகிறாள் என்று நினைத்தவர்போலத் தலையை அசைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். சிறிது நேரம் முழங்காலை மடக்கிப் பார்த்தார். பிறகு கைகளைப் பின்னால் ஊன்றி, இரண்டு கால்களையும் சவப்பெட்டியை நோக்கி நீட்டினார்.

யாரோ இருமினார்கள். பெலேசா தரையைப் பார்த்தான்.

"அத்த, அவரு காலு," என்று பேனினா முணுமுணுத்தாள். "நான் போயி சொல்லட்டா?"

வெளிறிய, ஈரமான பாதங்கள். பிசைந்து மறந்துபோன மாவைப்போல இருந்தன. தாலித்தாவுக்கு அவற்றைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் வந்தவன் விருந்தாளி. அவன் மானம் இந்த வீட்டு மானம். அவள் எழுந்து, பின்னாலிருந்த நாற்காலியின்மேல் மடித்து வைத்திருந்த அண்ணனின் பழைய பாயை எடுத்துவந்து, அந்தக் கால்கள்மேல் போர்த்தினாள்.

ஹார்ட்லி நிமிர்ந்து புன்னகைத்தார்.

"ரொம்ப நன்றிம்மா. ஆனா எனக்குக் குளிரல."

தாலித்தா குனிந்து, பாயின் ஓரத்தை அவர் பாதங்களுக்கு அடியில் இறுகச் செருகினாள்.