படைத்த சோறும் வினோதாவும்

ராசம்மாவின் திவசத்தன்று மகள் வினோதா மஸ்கெலியாவிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிடுவாள். வந்ததும் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு நேரே அடுப்படிக்குப் போவாள். அம்மாவுக்குப் பிடித்த நெத்தலிக் கருவாட்டுக் குழம்பை வேறு யாரும் வைக்க விடமாட்டாள். படையலுக்கு முன் உப்புப் பார்க்கக் கூடாது என்பதால் வாசனையை வைத்தே இறக்குவாள். இலை போட்டுச் சாம்பிராணி காட்டும் நேரத்தில் பின்வாசலில் போய் நின்றுகொள்வாள். எல்லோரும் சாப்பிட உட்காரும்போது, பஸ் போய்விடும் என்று சொல்லிக் கிளம்பிவிடுவாள்.

கல்யாணமான பிறகு வினோதா கணவனோடு ஒரு கிறிஸ்தவ சபையில் சேர்ந்திருந்தாள். படைத்த சோற்றை அவள் தொடமாட்டாள் என்பது உறவில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. தம்பி நிரஞ்சனும் திறந்ததில்லை. அவன் டிக்கோயாவுக்குப் பக்கத்தில் தோட்டத்துப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். அக்கா தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் படிகளில் இறங்கிப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு மனம் இறுகும். பிறந்த வீட்டுச் சோற்றில் விஷம் இருப்பதைப் போல நடந்துகொள்கிறாள் என்று மனைவி தனுஷிகாவிடம் ஒருமுறை சொன்னான்.

"அதை அவங்ககிட்டல்ல கேக்கணும்" என்றாள் அவள்.

இந்த வருஷம் பெரியப்பா செல்லசாமி முன்னறையில் உட்கார்ந்துகொண்டு, அடுப்படிக்குக் கேட்கும்படியே சொன்னார்: "பெத்தவளுக்கு வச்ச சோறு எறங்காதாம்."

நிரஞ்சன் எழுந்து உள்ளே போனான். திருவலையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தேங்காய் துருவ ஆரம்பித்தான். ஒரு மூடி முடிந்த பிறகுதான் பேச்சு வந்தது.

"அக்கா, ஒன்னு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே."

"கேளு."

"படைச்சதை ஏன் சாப்பிட மாட்டேங்கிறீங்க? சண்டைக்குக் கேக்கல. தெரிஞ்சுக்கத்தான்."

வினோதா விறகை உள்ளே தள்ளினாள். "இதை யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னுதான் இத்தனை வருஷமா இருந்தேன். நான் ஒருத்தரைத்தான் கும்பிடுவேன்னு வாக்குக் குடுத்திருக்கேன் தம்பி. வேற ஒருத்தருக்குப் படைச்சதைச் சாப்பிட்டா அந்த வாக்கை மீறுன மாதிரி எனக்குப் படும். சோறு அசுத்தம்னு நெனைக்கல. நெனைச்சா என் கையால ஆக்குவேனா?"

நிரஞ்சன் தலையாட்டினான். அவன் உண்மையில் கேட்க நினைத்தது அதுவல்ல.

"அப்ப அம்மா? சாகுற வரைக்கும் மாரியம்மனைத்தானே கும்பிட்டாங்க. அம்மா இப்ப எங்க இருக்காங்கன்னு ஒங்க சபையில சொல்றாங்க?"

வினோதா அகப்பையைச் சட்டியின் மேல் வைத்தாள்.

"பாஸ்டர்கிட்ட நானே கேட்டேன். அது ஆண்டவர் கையிலம்மான்னாரு. சபையில ஒரு பொம்பள வேற மாதிரி சொன்னா. அன்னைக்குப் பாதிக் கூட்டத்துல எழும்பி வந்துட்டேன்."

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"என்னையவிட ஆண்டவருக்கு அம்மாவை நல்லாத் தெரியும்னு நெனைக்கிறேன். அதுக்கு மேல எனக்குப் பதில் இல்ல. இருக்கிற மாதிரி சொன்னாப் பொய்யாப் போயிரும்."

அக்கா வேறு பதில் சொல்வாள் என்று நினைத்து, அதற்கு எதிராகச் சொல்ல நிரஞ்சன் நிறையவே சேர்த்து வைத்திருந்தான். அதில் ஒரு வார்த்தைகூட இப்போது பயன்படவில்லை.

"இப்ப நான் கேக்குறேன்" என்றாள் வினோதா. "அம்மா வந்து இந்தச் சோத்தைச் சாப்பிடுறாங்கன்னு நீ நம்புறியா?"

அவள் குரலில் கேலி இல்லை. நிரஞ்சன் அடுத்த மூடியை எடுத்தான்.

"தெரியலக்கா. ஆனா வைக்காம இருக்க முடியல. எலை போடுறப்ப அம்மா பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கு. வருசத்துல இந்த ஒரு நாள்தான் அப்பிடி இருக்கு."

"எனக்குச் சபையில பாட்டுப் படிக்கிறப்ப அப்பிடி இருக்கும்" என்றாள் அவள்.

சாப்பிடாமல் போகக் கூடாது என்று நிரஞ்சன் சொன்னான். படைப்பதற்கு முன்பே கொஞ்சம் எடுத்து வைத்தால் என்ன என்று கேட்டான். வினோதா மறுத்தாள். படைக்கும்வரை யாரும் கை வைக்கக் கூடாது என்பது அவன் முறை. தனக்காக அவன் அதை மாற்ற வேண்டாம் என்றாள். வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தனுஷிகா, கடையில் பாண் ரொட்டி வாங்கலாமே என்றாள். பாணும் தேத்தண்ணியும் தாராளம் என்றாள் வினோதா.

பந்தியில் அவள் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். செல்லசாமி அவள் தட்டையே பார்த்தார்.

"இவ்வளவு ஆக்கி வச்சிட்டுப் பாணைத் திங்கிறாளே."

"வாக்குக் குடுத்திருக்காங்க பெரியப்பா. அதை மீறச் சொல்றதுக்கு நாம யாரு?" என்றான் நிரஞ்சன்.

பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. குழம்பில் உப்பு கொஞ்சம் கம்மி என்று வினோதாவிடம் சொல்லிவிட்டு இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டார்.

கிளம்பும்போது வினோதா தம்பியை ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கூப்பிட்டாள்.

"வாறேன். எனக்காக எழும்பி ஜெபம் கிபம் பண்ணிராதீங்க."

"சத்தமாப் பண்ண மாட்டேன். மனசுக்குள்ள பண்றதை நீ தடுக்க முடியாது."

அவன் போனான். மஸ்கெலியாவில் கடைகளுக்கு மேலே ஒரு மண்டபம். பின்வரிசைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தான், கண்ணை மூடவில்லை. அக்கா பாடுவதைப் பார்த்தான். சின்ன வயதுக்குப் பிறகு அவள் பாடி அவன் கேட்டதில்லை. புதிதாக வந்தவர்கள் எழும்பி நிற்கலாம் என்று யாரோ சொன்னபோது வினோதா அவன் முழங்கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டாள். அவன் எழும்பவில்லை. பிரசங்கத்தில் பாஸ்டர், கல்லுக்கு முன்னால் விழுகிறவர்களைப் பற்றிச் சிரிப்பாக ஒரு வார்த்தை சொன்னார். மண்டபம் சிரித்தது.

வெளியே வந்ததும் நிரஞ்சன் சொன்னான்: "பாட்டு நல்லா இருந்திச்சு. கல்லுன்னு சொன்னதுதான் வலிச்சிச்சு. அம்மாவையும் சேத்துச் சிரிச்ச மாதிரி இருந்திச்சு."

"நானும் எத்தனையோ தடவை கேட்டுச் சிரிச்சிருக்கேன். இன்னைக்கு நீ பக்கத்துல இருந்ததால சிரிப்பு வரல. பாஸ்டர்கிட்ட சொல்றேன்."

சொல்வாள் என்று அவன் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. வாரத்தின் நடுவில் அவள் அவனுக்குப் போன் பண்ணினாள்.

"சொல்லிட்டேன். மொதல்ல முகத்தைத் தூக்குனாரு. பொறவு, ஒந்தம்பியோட ஒருநாள் உக்காந்து பேசலாமான்னு கேட்டாரு. மாத்துறதுக்கு இல்லையாம், சும்மா பேசத்தானாம். அது எவ்வளவு தூரம் உண்மையோ தெரியாது."

பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த நிரஞ்சன் பேனையை மூடினான்.

"சனிக்கெழமை வீட்லதான் இருப்பேன். வரச் சொல்லுங்க" என்றான்.