இரண்டு பேருக்கு ஒரு தீவு

தமிழ்மணிக்கு உட்கார வராது. நாற்காலியைப் போட்டால் நுனியில் தொற்றிக்கொள்வார், கால் ஆடும், சாவிக்கொத்து விரலில் சுற்றும், டீ வருவதற்குள் எழுந்து போய்விடுவார். மொரப்பூருக்குப் பக்கத்திலிருக்கும் அவர்கள் ஊரில் கல்யாணமா, காதுகுத்தா, கருமாதியா, பந்தல் போடுவதிலிருந்து கடைசிப் பந்திக்கு ரசம் காணுமா என்று அண்டாவை எட்டிப் பார்ப்பது வரைக்கும் அவர்தான். தன் காட்டில் பயிரிட்ட தக்காளி அழுகினால்கூட அவ்வளவு பதறமாட்டார், அடுத்தவன் வீட்டுப் பந்தியில் இலை குறைந்தால் பதறிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர்தான் ஒரு வாரம் சும்மா இருப்பதற்காகவே ஒரு தீவுக்கு வருகிறேன் என்று பெண்டாட்டிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு முழித்துக்கொண்டிருந்தார்.

கேட்டது சசிகலாதான். போன வருஷம் தருமபுரியில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அவள் படுத்திருந்த அறையில் டிவி ஒன்று சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு நாள் கடல் வந்தது. வெள்ளை மணல், சாய்ந்த தென்னை, மணலில் ஒரே ஒரு நண்டு. மனிதர் ஒருவரும் இல்லை. அந்த மணலைப் பார்த்துக்கொண்டே அவள் முடிவு செய்துவிட்டாள். உடம்பு தேறி நடமாட ஆரம்பித்ததும் புருஷனிடம் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து நகை வேண்டும், புடவை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டவள் இல்லை என்பதால் அவரால் மறுக்கவும் முடியவில்லை.

"நீங்களும் நானும். ஒரு வாரம். வேற யாரும் வேணாங்க" என்றாள். அவரும் சரி என்றார்.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் யுவராணி மற்றதையெல்லாம் பார்த்துக்கொண்டாள். மொரப்பூரில் ரயிலேறிச் சென்னை, அங்கிருந்து விமானத்தில் அந்தமான், அதற்கப்புறம் ஒரு கப்பல். பெரிய தீவுகளில் கூட்டம் என்று, அதிகம் பேர் போகாத ஒரு சின்னத் தீவாகத் தேடி, கடலைப் பார்த்த மாதிரி ஒரு குடிலைப் பிடித்திருந்தாள். போன் டவர் அங்கே சரியாகக் கிடைக்காதாம். கடைகண்ணி பெரிதாக இல்லையாம். சாயந்தரமானால் மணலில் உட்கார்ந்து கடலைப் பார்க்கலாமாம், அவ்வளவுதானாம். அந்த 'அவ்வளவுதான்' தமிழ்மணியின் நெஞ்சில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

அன்றிலிருந்து மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. நினைத்த நேரத்துக்கெல்லாம் மகளுக்குப் போன் போட்டார். அங்கே நம்மாட்கள் யாராவது இருக்கிறார்களா? தென்னைக்கு எப்படித் தண்ணீர் கட்டுகிறார்கள் என்று போய்ப் பார்க்க விடுவார்களா? கப்பல் தினமும் உண்டா, நடுவில் அவசரமென்றால் திரும்பி வர முடியுமா? என்ன அவசரம் வரும் என்று மகள் கேட்டாள். அவருக்கே தெரியவில்லை. சசிகலாவோ கம்பைநல்லூருக்குப் போனபோது அகலமான ஓலைத் தொப்பி ஒன்றை வாங்கி வந்து, அதைப் போட்டுக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். கண்ணாடி முன்னால் நின்று இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததைப் பார்க்கப் பார்க்க அவர் மறுபடியும் மகளுக்குப் போன் போட்டார்.

இந்த நிலைமையில்தான் அவர் அண்ணன் பெரியண்ணன் வீட்டுக்குப் போனார். தெரு முனையிலேயே வீடு. வெளியூர் போகிறவர்கள் பங்காளிகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் அது ஜென்மத்துக்கும் குறையாக நிற்கும். சொல்லும்போது "நீங்களும் வாங்க" என்று கூப்பிடவும் வேண்டும். அப்படிக் கூப்பிட்டால் எதிராளி "எங்களுக்கு எதுக்குப்பா, நீங்க நல்லபடியா போயிட்டு வாங்க" என்பார். அதோடு இரண்டு தரப்புக்கும் மரியாதை தீர்ந்தது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை, நடை பழகும்போதே பழகிவிடுகிற சங்கதி. முதல் தடவை கூப்பிடுவது மரியாதை. மறுத்தபிறகும் இரண்டாவது தடவை கூப்பிட்டால்தான் அது மெய்யான அழைப்பு.

பெரியண்ணன் முறைப்படி மறுத்தார். தமிழ்மணி வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் முறை சொல்கிற மனிதருக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தும் அவர் வாய், "அட வாங்கண்ணா, நீங்களும் அண்ணியும் இல்லாம என்ன டூரு" என்றது. சொன்ன மாத்திரத்தில் அவருக்கு முதுகு வியர்த்தது. ஆனால் உள்ளுக்குள் எங்கேயோ ஒரு பாரம் இறங்கியது போலவும் இருந்தது. அந்த நிம்மதிதான் அவரைக் கெடுத்தது. அதே வேகத்தில் டீக்கடைக்குப் போய், வேன் வைத்து ஓட்டும் சிநேகிதன் மாதப்பனையும் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு காரியம் தன்னால் நடந்தது. மாதப்பன் தன் மாமியாரைச் சேர்த்துக்கொண்டான், பாவம் அது கடலையே பார்த்ததில்லை என்றான். மாமியார் தன் தங்கையைச் சேர்த்துக்கொண்டாள். அங்கே வாய்க்கு ருசியாகச் சோறு கிடைக்காது, எனவே சமையல்காரர் பச்சியப்பனைக் கூட்டிக்கொண்டு போவதே உத்தமம் என்று டீக்கடையில் தீர்மானமானது. தீவில் முருகன் கோயில் இருந்தால் பேரனுக்கு அங்கேயே மொட்டை போட்டுவிடலாமே என்று பெரியண்ணன் விசாரிக்கச் சொன்னார். அந்த நண்டுக்கே இனி அந்தத் தீவில் இடமிருக்காது போலிருந்தது. தமிழ்மணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், பரபரவென்று அலைந்தார், வீட்டில் மட்டும் ஒரு வார்த்தை மூச்சுவிடவில்லை. நல்ல சமயம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளினார்.

சொன்னது அண்ணி காசியம்மாள்தான், அதுவும் வெள்ளந்தியாக. ஒரு நாள் மத்தியானம் மாவுக் கையோடு வந்து, டூருக்கு எடுத்துப்போகிற முறுக்குக்குக் காரம் போடட்டுமா வேண்டாமா என்று சசிகலாவைக் கேட்டாள். யார் யாருக்கு எத்தனை முறுக்கு ஆகும் என்றும் சேர்ந்தாற்போல ஒரு கணக்குச் சொன்னாள். சசிகலா கேட்டுக்கொண்டாள். காரம் குறைச்சலாகவே போடுங்கள் அக்கா, பெரியவர்களும் வருகிறார்கள் என்று பதிலும் சொல்லி அனுப்பினாள்.

தமிழ்மணி வீட்டுக்கு வந்தபோது அந்தத் தொப்பி அடுப்படி மூலையில் மல்லாந்து கிடந்தது. அது நிறையச் சின்ன வெங்காயம். அதைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. விளங்கியதும் பேச ஆரம்பித்தார், அவர்களெல்லாம் வேறு பக்கம் தங்கிக்கொள்வார்கள், நமக்குத் தனிக் குடில்தான், நம் பாட்டுக்கு நாம் இருக்கலாம் என்று மூச்சுவிடாமல் அடுக்கினார். சசிகலா அவர் முடிக்கும்வரை அரிசி களைந்தாள்.

"நான் வரலைங்க. நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க" என்றாள். குரல் உயரவில்லை. "ஆஸ்பத்திரியில என்னைப் பார்க்க ஊரே வந்துது. வந்தவங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் குடுத்தீங்க, பஸ் ஏத்தி வுட்டீங்க. எம்பக்கத்துல வந்து ஒரு நேரம் உக்காந்தீங்களா? டிவிய பார்த்துட்டுக் கெடந்தேன். எங்கூடத் தனியா இருக்கறதுன்னா உங்களுக்கு அவ்ளோ பயமா?"

அவர் என்ன செய்வார்? வழக்கம்போல எழுந்து வெளியே போனார்.

காட்டுக்குப் போய் மோட்டாரைப் போட்டார். தண்ணீர் பாய வேண்டிய தேவையே இல்லை, காலையில்தான் பாய்ந்திருந்தது. மோட்டாரை அணைத்தார். வரப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். அவள் சொன்னது பொய்யாக இருந்தால் கோபப்பட்டிருக்கலாம். மெய்யாகவே அவருக்குப் பயம்தான். ஆபரேஷன் முடிந்து வந்த டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, கர்ப்பப்பையில் இருந்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், முடிவு வந்தபிறகு பேசலாம் என்றிருந்தார். அந்த முடிவு வரும்வரை அவர் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. அறைக்குள் போனால் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்று வாசலிலேயே நின்று வருகிறவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். முடிவு நல்லபடியாகத்தான் வந்தது. ஆனால் அதற்குள் அவள் இல்லாத வீட்டை மனசுக்குள் ஒவ்வோர் அறையாக நடந்து பார்த்து முடித்துவிட்டார். அதற்கப்புறம் அவள் முகத்தை அருகில் வைத்து நேராகப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

இதைச் சொல்லாமல் ஒரு வாரம் எப்படி அவள் பக்கத்தில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பது? சொன்னால், இத்தனை நாளும் மறைத்தீர்களே என்பாளே? வரப்பில் நின்றபடி அவருக்கு அழுகை வந்தது. யாரும் இல்லை, அழுதார். பிறகு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்கு நடந்தார்.

போகும்போதே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டார். விமானத்தில் இடமே இல்லையாம், யுவராணி தேடிப் பார்த்து அலுத்துவிட்டாளாம். அண்ணன் முன்னால் நின்று அதைச் சொல்லியும் ஆயிற்று. பெரியண்ணன் அசரவில்லை. சென்னையிலிருந்தே கப்பல் போகிறதாம், மாதப்பன் விசாரித்துவிட்டானாம், நாள் கொஞ்சம் கூட ஆகும், ஆகட்டுமே என்றார். கொடுத்த அழைப்பை இனி ஒரு சாவு விழுந்தால்தான் திரும்ப வாங்க முடியும். இல்லாவிட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். மீசை நரைத்த மனிதன் கூடப்பிறந்த அண்ணன் எதிரில் அதைச் சொல்வதற்குச் செத்துப்போகலாம் என்றுதான் தமிழ்மணிக்குத் தோன்றியது.

"நாங்க ரெண்டு பேரு மட்டும் போறோங்கண்ணா" என்றார். "நானும் சசியும். தனியா."

காது மடல் இரண்டும் தீயாக எரிந்தன. பெரியண்ணன் தம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானப்பா கூப்ட்ட. ரெண்டாந்தடவையும் நீதான் கூப்ட்ட."

"ஆமாங்கண்ணா. தப்பு என்னுதுதான். அவ என்னைய மட்டுந்தான் கேட்டா. எனக்குத்தான் பயமாயிருந்துது, அதான் உங்களையெல்லாம் சேர்த்துக்கிட்டேன்."

உள்ளே எண்ணெய்ச் சட்டி சளசளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நின்றது. காசியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"போயிட்டு வா சாமி" என்றாள் கொழுந்தனிடம். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "இவரு என்னைய ஒரு தடவ இப்பிடிக் கூப்ட்டிருந்தா கடலு எதுக்கு, நம்ம ஜில்லாவுல இருக்கற ஏரியூருன்னாலும் போயிருப்பேன்."

பெரியண்ணன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். அப்புறமும் பார்த்துக்கொண்டே இருந்தார். காசியம்மாள் உள்ளே போய், சுட்டு ஆறவைத்திருந்த முறுக்கைத் தூக்குப்போசியில் நிரப்பிக் கொண்டுவந்து தமிழ்மணி கையில் கொடுத்தாள். மாதப்பனிடம் சொல்வது இவ்வளவு கஷ்டமாக இல்லை. அவன் சிரித்தான், டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சிரித்தான். அந்தத் தீவின் பெயரே இனி தமிழ்மணிக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொள்ளும், அதில் சந்தேகமில்லை. ஒட்டட்டும் என்று வீட்டுக்கு நடந்தார்.

சசிகலா பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். வெயில் இறங்கிவிட்டிருந்தது. அவர் அடுப்படிக்குப் போய்த் தொப்பியிலிருந்த வெங்காயத்தைத் தரையில் கொட்டினார். சருகை ஊதித் தட்டி, முறுக்குத் தூக்கோடு அதையும் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். அண்ணனிடமும் மாதப்பனிடமும் சொல்லிவிட்டேன், நாம் இரண்டு பேர்தான் போகிறோம் என்றார். அண்ணி சொன்னதையும் சொன்னார். அவள் தொப்பியை எடுத்து மோந்து பார்த்து, வெங்காய நாற்றம் இனி போகாது என்றாள். ஆனால் கீழே வைக்கவில்லை.

அவர் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். எதிரே மாட்டுக்கொட்டகை, அதற்கப்பால் தக்காளிக் காடு, பார்க்க வேறொன்றும் இல்லை. கொஞ்ச நேரத்திலேயே கால் ஆட ஆரம்பித்தது. சட்டைப்பையில் போன் அடித்தது, பச்சியப்பனாகத்தான் இருக்கும், அண்டா எடுப்பதா வேண்டாமா என்று கேட்க. அவர் போனை எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. சசிகலா அவருடைய முழங்காலின்மேல் கையை வைத்தாள், ஆடிய கால் நின்றது. அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே ஒரு கருமை படிந்திருந்தது, அது எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அன்னிக்கி ரொம்ப வலிச்சுதா சசி?" என்றார்.

அவள் கண் நிறைந்து, தொப்பி விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "இப்பத்தான் கேக்கறீங்க" என்றாள். பிறகு, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன காலையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். தமிழ்மணி எழுந்திருக்கவில்லை. அவள் முடித்ததும், டாக்டர் சொன்னதைப் பற்றித் தானும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவள் கைக்குக் கீழே காலை அசைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.