தொட்டியைக் கழுவியவர்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை, அக்காவிடமிருந்து சுட்டது. போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே அவள் புலம்பினாள். நானும் 'உச்' கொட்டிக்கொண்டே எல்லாவற்றையும் மனதில் குறித்துக்கொண்டேன். எழுத்தாளனைத் தம்பியாகப் பெற்றவர்கள் வாயை அடக்க வேண்டும். அக்காவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

அக்கா அணைப் பொறியாளர். அவள் பொறுப்பில் இருப்பது அறுபது வயதான ஒரு மண் அணை.

2

முதல் தொடக்கம்: "வானம் பிளந்து கொட்டியது. அணையின் விரிசலிலிருந்து…"

(படித்துக் காட்டினேன். "அன்னிக்கு வெயில் மண்டையப் பொளந்துச்சுடா. விரிசலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மண் அணைன்னா கொஞ்சம் கசியத்தான் செய்யும். தண்ணி தெளிவா வந்தா கவலையில்ல. உள்ள இருக்கிற மண்ணையும் கூட்டிட்டு வந்தாத்தான் வினை," என்றாள். வானத்தை அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம், வெயிலோடு: அணையின் அடிவாரத்தில் கசிவுநீர் வந்து சேர ஒரு சிமெண்ட் தொட்டி உண்டு. தினமும் காலையில் அதில் அளவெடுத்துப் பதிவேட்டில் எழுத ஓர் ஆள். பதினேழு வருடமாக ஒரே ஆள். அவருடைய செருப்பு, சைக்கிள், அளவுகோல் எல்லாமே மின்னும் என்பதால் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'பளபளா'. பதிவேட்டிலும் முத்து முத்தான எழுத்தில், நாள் தவறாமல்: 'நீர் தெளிவு. படிவு இல்லை.'

3

பளபளா மீது எனக்கு ஆரம்பத்திலேயே சந்தேகம். இவ்வளவு சுத்தமான ஆள் கதைக்குள் வந்தால், இவன்தான் திருடன் என்று நீங்கள் முடிவுகட்டிவிடுவீர்கள். கொஞ்சம் குடிக்க வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் கதையே அவருடைய சுத்தத்தில்தான் இருக்கிறது. கை வைக்க முடியவில்லை.

அன்று அக்கா வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னதாக அணைக்குப் போய்விட்டாள். பளபளா தொட்டிக்குள் இறங்கி, பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"கழுவுறேன் மேடம். அடியில மண்ணு சேந்துடுது. அழுக்குத் தொட்டியில அளவெடுத்தா நல்லாவா இருக்கும்?"

"எவ்வளவு நாளா?"

"வேலைக்கு வந்ததிலேர்ந்து. ஒரு நாள் தவறினதில்ல."

அக்கா அவர் கையிலிருந்த பிரஷ்ஷைப் பிடுங்கினாள்.*

* ஏனென்றால், அணை உள்ளுக்குள் அரிக்கப்படுகிறதா என்று காட்டுவதே அந்த மண்தான். மனுஷர் அதைக் கழுவிக் கொட்டிவிட்டு 'படிவு இல்லை' என்று எழுதியிருக்கிறார். பொய்யென்றும் சொல்ல முடியாது, எழுதும் நேரத்தில் இல்லைதானே.

4

"தினமும் எவ்வளவு மண்ணுண்ணே?"

பளபளாவின் முகம் மாறியது. என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. உண்மையைச் சொன்னால் வேலை போகலாம். மறைத்தால் அணைக்குக் கீழே இருக்கும் ஊர் போகலாம்.

"ஒரு கைப்பிடி மேடம்."

"எப்பவுமே ஒரு கைப்பிடிதானா?"

[இந்த இடத்தில் அவருடைய மனப் போராட்டத்தை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். "அவர் அவ்வளவு நேரமெல்லாம் எடுத்துக்கலடா," என்று அக்கா குறுக்கே கோடு போட்டுவிட்டாள்.]

"முன்னாடி அவ்வளவுதான். இப்ப ரெண்டு மாசமா அரை வாளி வருது. என் மேல எழுதணும்னா எழுதுங்க மேடம். முதல்ல தண்ணிய இறக்குங்க."

அவருக்காக நான் செய்து வைத்திருந்த வசனத்தைக் குப்பையில் போட்டேன்.

5

முடிவு அ: தண்ணீரை இறக்கவில்லை. பத்தாவது நாள் அணை…

(இதை என்னால் முடிக்க முடியாது. அக்கா வீடு அணைக்குக் கீழே முதல் தெருவில் இருக்கிறது.)

முடிவு ஆ: ஊரே திரண்டு அக்காவுக்கு மாலை… சரி, சரி, சிரிக்காதீர்கள்.

நடந்தது இதுதான். அக்கா கையெழுத்துப் போட்டு நீர்மட்டத்தைப் பதினைந்து அடி இறக்கினாள். பாசனத்துக்குத் தண்ணீர் போதாமல் பயிர் காய்ந்தது. பளபளா மீது விசாரணை நடக்கிறது. அணை நிற்கிறது. இறக்கியதால் நிற்கிறதா, இறக்காவிட்டாலும் நின்றிருக்குமா? அக்காவுக்கே தெரியாது.

நேற்று காய்கறிக் கடை வரிசையில் ஒருவர் அவள் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்: "நல்லா நின்னுக்கிட்டிருந்த அணையப் பாத்துப் பயந்துபோய் எங்க வயலக் காயப் போட்டுட்டீங்களே மேடம்!"

அக்கா நேராக என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதாள். "நீதான் பெரிய எழுத்தாளனாச்சே, அந்த ஆளுக்கு ஒரு பதில் எழுதிக் குடுடா," என்றாள். பதினோரு தாள் கிழித்துவிட்டேன். அவருடைய வயல் காய்ந்தது உண்மை. எனக்கு அக்காவை நினைத்தால் தாங்கவில்லை, அவரை நினைத்தாலும் தாங்கவில்லை.

அதனால் உங்களை அந்த வரிசையில் கொண்டுவந்து நிறுத்துகிறேன். அவருக்குப் பின்னால் நிற்பது நீங்கள்தான். உங்கள் வீடும் அணைக்குக் கீழேதான். அக்கா பையை எடுத்துக்கொண்டு திரும்புகிறாள், உங்களைப் பார்க்கிறாள்.

ஏதாவது சொல்லுங்கள்.