ஐநூற்று எழுபத்தெட்டு கேள்விகள்

சினிமா தியேட்டரில் டிக்கெட் கவுன்ட்டருக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த தொடுதிரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எதிரே நின்ற அம்மாள் கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். வட்டம் நின்றபாடில்லை. "இதுக்குள்ள வீட்டுக்குப் போய் பேப்பர்ல பாத்துட்டே வந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

வாசலில் டிக்கெட் கிழிக்கும் பெண் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் திரையில் ஓடும் கணினி நிரல் அவள் எழுதியது. ஒன்பது மாதம் மாலை வகுப்பில் படித்து, முதன்முதலாக நாலு பேர் தொட்டுப் பார்க்கும்படி அவள் செய்த பொருள். இந்த மாதம் ஓடும் இருபத்துநான்கு படங்களின் கதை, நீளம், நடிகர்கள், அவர்களின் புகைப்படம் எல்லாவற்றையும் வெளியே உள்ள ஒரு தகவல் சேவையிடம் கேட்டு வாங்கிக் காட்ட வேண்டும். காட்டத்தான் செய்தது, இரண்டரை நிமிடம் கழித்து. ஒரு படத்தைத் தொட்டுவிட்டுப் பட்டியலுக்குத் திரும்பினால் மறுபடி இரண்டரை நிமிடம்.

"வெள்ளிக்கிழமை ஆறு மணி ஷோ வரைக்கும் பார்ப்பேன். அப்பவும் ராட்டினம் சுத்திச்சுன்னா இதைக் கழட்டிட்டு பழைய சாக்பீஸ் போர்டுதான்" என்று சொல்லிவிட்டார் மேனேஜர்.

புதன்கிழமை காலை, கதவு திறக்குமுன் அவள் மடிக்கணினியோடு மாடிப்படியில் உட்கார்ந்தாள். எதையும் மாற்றவில்லை. மாற்றினால் இருப்பதும் கெட்டுவிடுமோ என்று பயம். நிரல் ஒவ்வொரு முறை வெளியே கேட்கும்போதும் என்ன கேட்கிறது என்று ஒரு வரி பதியும்படி மட்டும் செய்துவிட்டு, திரையை ஒரே ஒரு தடவை தொட்டாள். வரிகள் மளமளவென்று இறங்கின. நோட்டில் எண்ணி எழுதினாள்.

பட்டியலுக்கு ஒரு கேள்வி. படத்துக்கு ஒன்றாக இருபத்துநான்கு. ஒவ்வொரு படத்திலும் யார் யார் நடித்தார்கள் என்று இன்னொரு இருபத்துநான்கு. படத்துக்குப் பத்து நடிகர்கள், ஒவ்வொருவரின் புகைப்படம் எங்கே என்று இருநூற்று நாற்பது. ஆகமொத்தம் இருநூற்று எண்பத்தொன்பது. ஆனால் பதிவில் இருந்தது ஐநூற்று எழுபத்தெட்டு வரி. நொடிக்கு நாலு கேள்விக்கு மேல் அந்தச் சேவை வாயே திறக்காது.

சரியாக இரண்டு மடங்கு. ஏன்?

நிரலை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டு வந்தவளுக்கு முகம் சூடானது. எழுதிய மூன்றாம் நாள், வந்த பதில் தப்பாக இருந்தால் என்ன செய்வது என்ற கவலையில், ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டு ஒப்பிடும்படி அவளே எழுதி வைத்திருந்தாள்.

"அக்கா, எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தரம் கேட்டிருக்கேன்."

கவுன்ட்டரில் டிக்கெட் கொடுக்கும் அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அதான் உனக்கு இன்னொருதரம்னு பட்டப்பேரே வச்சேன். கிழிச்ச டிக்கெட்டையே இன்னொருதரம் பாக்கற ஆளு நீ. நீ எழுதினது மட்டும் எப்படி இருக்கும்?"

பட்ட வெட்கத்தையும் மீறி ஒரு கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. திரையை மாட்டிய இந்த மூன்று வாரத்தில் இரண்டு பதிலும் ஒத்துப்போகாமல் இருந்தது எத்தனை முறை? அதை நிரல் தனியாகக் குறித்தே வைத்திருந்தது. திறந்தாள். ஒரே ஒரு வரி. இப்போது மாலையில் ஓடும் படத்துக்கு முதல் பதில் நூற்று இருபத்தெட்டு நிமிடம், அடுத்த பதில் நூற்று இருபத்துநாலு. அவள் கேட்ட அந்தக் கால் நொடி இடைவெளியில் எங்கோ யாரோ அதைத் திருத்தியிருக்க வேண்டும்!

படத்தின் பேரையும் இரண்டு எண்ணையும் சொல்லி, "எது சரிக்கா?" என்று கேட்டாள்.

"ஆறு பத்துக்குப் படம் போட்டா, இடைவேளை பத்து நிமிஷமும் சேத்து எட்டு இருபத்துநாலுக்குக் கூட்டம் வெளிய வருது. இதைப் போய் கம்ப்யூட்டர்ட்ட கேப்பியா?"

நூற்று இருபத்துநாலுதான். அவள் படியிலேயே யோசித்தாள். ஒரே மூச்சில் இரண்டு முறை கேட்பதால் ஆயிரத்தில் ஒன்றுகூடப் பிடிபடவில்லை. திருத்தம் நடந்தால் மறுநாள் கேட்டாலே தெரிந்துவிடும். அப்படியானால் தினம் காலையில் ஒரு தடவை கேட்டு, பதிலை இங்கேயே வைத்துக்கொண்டால் போதாதா?

அன்று மாலை வகுப்பில் சேவையின் கையேட்டைப் படித்தாள். படத்தோடு நடிகர்களையும் சேர்த்தே ஒரு கேள்வியில் கேட்கலாமாம். அப்படிக் கேட்டு, வந்த பதிலை முதன்முறையாகக் கடைசி வரை படித்தபோது, நடிகர் ஒவ்வொருவரின் புகைப்பட முகவரியும் அதிலேயே இருந்தது. அந்த இருநூற்று நாற்பது கேள்வியும் வேண்டவே வேண்டாம். பட்டியலுக்கு ஒன்று, படங்களுக்கு இருபத்துநான்கு, ஆக இருபத்தைந்து போதும். வியாழக்கிழமை நிரலை அப்படியே மாற்றினாள்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மேனேஜர் சாக்பீஸ் போர்டை அக்குளில் இடுக்கிக்கொண்டே வந்தார். திரையைத் தொட்டார். படம் வந்தது. நடிகர்கள் வந்தார்கள். விரலை இழுத்துக்கொண்டு திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நெட் இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார். காலையிலயே கேட்டு வாங்கி வச்சாச்சு."

அவர் பட்டியலுக்குத் திரும்பிப் போனார், மறுபடி தொட்டார். வேறு படம். மறுபடி பட்டியல். அவருக்குப் பின்னால் ஐந்தாறு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"சார், கொஞ்சம் வழி விடுறீங்களா? நாங்களும் பாக்கணும்" என்றார் ஒருவர்.

"இருங்க, இன்னொருதரம்" என்றார் மேனேஜர்.

கவுன்ட்டருக்குள் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மேனேஜர் போர்டைச் சுவரோரம் சாத்திவிட்டு, அதை மறந்தே போனார்.